கண்டெய்னர் ஓடுகிறது, முகவரி மட்டும் வரவில்லை: சொந்த டிஎன்எஸ் சர்வருக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப்பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில், இணையப் பெயர்களுக்கு எண் முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் சர்வர் ஒன்றை ஏற்றுவது சின்ன வேலை. அது எல்லா நேரமும், எல்லாக் கருவிக்கும் ஒழுங்காகப் பதில் சொல்ல வைப்பதில்தான் நேரம் போகிறது. கடலூர், புதுச்சேரி பக்கம் டியூஷன் சென்டர், அச்சகம், தங்கும் விடுதி என்று சின்ன இடங்களுக்கு நான் போட்டுக் கொடுக்கும் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: பழைய லேப்டாப் அல்லது ராஸ்பெர்ரி பை, அதில் உபுண்டு அல்லது டெபியன், மேலே டாக்கர், உள்ளே பை-ஹோல், அன்பவுண்ட், பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருள்கள் மூன்றில் ஒன்று. பிரச்சினை என்று போன் வரும்போது டிஎன்எஸ் மென்பொருளே கெட்டுப்போயிருப்பது அபூர்வம். கண்டெய்னருக்கும் அது ஓடும் கணினியான ஹோஸ்டுக்கும் நடுவிலோ, ஹோஸ்டுக்கும் ரூட்டருக்கும் நடுவிலோதான் எங்காவது கேள்வி சிக்கிக்கொண்டிருக்கும். எங்கே சிக்கியது என்பதை வருகிற பதிலே சொல்லிவிடும். அதை வாசிக்கப் பழகிவிட்டால் அமைப்பு முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி போட வேண்டிய அவசியமே வராது.

கீழே வரும் எல்லா எடுத்துக்காட்டுகளிலும் ரூட்டர் 192.168.1.1. கண்டெய்னர் ஓடும் ஹோஸ்ட் 192.168.1.10. நம் நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லும் உள்பெயர்கள் எல்லாம் ஹோம்.ஆர்பா என்று முடியும்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

"நெட் வரலைங்க" என்பதை வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது. பிரவுசரை மூடிவிட்டு, டிஎன்எஸ் சர்வரிடம் நேராகக் கேட்கும் டிக் கட்டளையால் கேளுங்கள்: டிக் என்று தட்டி, ஒரு இடம் விட்டு @192.168.1.10, பிறகு ஏதாவது ஒரு பெயர். ஆட் குறியோடு முகவரியைக் கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கணினி எந்த சர்வரிடம் கேட்டது என்பது உங்களுக்கே தெரியாது.

பதிலில் ஸ்டேட்டஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். நோஎரர் என்றால் சர்வர் வேலை செய்கிறது. ஆனால் ஆன்சர் எண்ணிக்கை 0 என்றிருந்தால், பெயர் இருக்கிறது, நீங்கள் கேட்ட வகைப் பதிவு இல்லை என்று பொருள். என்எக்ஸ்டொமைன் என்றால் அந்தப் பெயரே இல்லை என்று சர்வர் உறுதியாகச் சொல்கிறது. ரெஃப்யூஸ்டு என்றால் கேள்வி போய்ச் சேர்ந்தது, உங்களுக்குப் பதில் சொல்ல அதற்கு அனுமதி இல்லை. சர்வ்ஃபெயில் என்றால் சர்வர் முயன்றது, மேலே எங்கோ தோற்றது. ஸ்டேட்டஸே வராமல் டைம்டு அவுட் என்றால் கேள்வி போகவில்லை, அல்லது பதில் திரும்பவில்லை. கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு என்று வருவது இன்னொன்று: அந்த முகவரியில் கருவி இருக்கிறது, அந்தப் போர்ட்டில், அதாவது சேவைக்கான எண்ணிட்ட கதவில், யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. இந்தக் கனெக்ஷன் ரெஃப்யூஸ்டையும் ஸ்டேட்டஸில் வரும் ரெஃப்யூஸ்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. முதலாவது போர்ட் சிக்கல், இரண்டாவது அனுமதிச் சிக்கல். தீர்க்கும் இடமே வேறு.

அடுத்து, அதே கேள்வியை மூன்று இடத்திலிருந்து கேளுங்கள். கண்டெய்னருக்கு உள்ளே 127.0.0.1-இடம், ஹோஸ்டிலிருந்து 192.168.1.10-இடம், வைஃபையில் உள்ள இன்னொரு கணினியிலிருந்து அதே 192.168.1.10-இடம். உள்ளே பதில் வந்து வெளியே வராவிட்டால் டாக்கர் நெட்வொர்க்கைப் பாருங்கள். உள்ளேயே வராவிட்டால் டிஎன்எஸ் அமைப்பையோ, அது கேட்டுத் தெரிந்துகொள்ளும் மேல்சர்வரையோ பாருங்கள். ஹோஸ்டில் வந்து பக்கத்துக் கணினியில் வராவிட்டால் ஃபயர்வால், அல்லது சர்வரின் அனுமதிப் பட்டியல். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

கண்டெய்னர் உருவாகும் மூல வார்ப்பான இமேஜ்கள் பலவற்றுக்குள் டிக் இருக்காது. அதற்காக இமேஜைத் திருத்த வேண்டாம். டிக் உள்ள வேறொரு சின்ன கண்டெய்னரை, நெட்வொர்க் என்ற விருப்பத்தில் கண்டெய்னர் என்று எழுதி முக்காற்புள்ளி வைத்து உங்கள் டிஎன்எஸ் கண்டெய்னரின் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். இரண்டும் ஒரே நெட்வொர்க்கைப் பகிர்ந்துகொள்வதால் அங்கிருந்து 127.0.0.1-ஐக் கேட்டால் டிஎன்எஸ் சர்வரே பதில் சொல்லும்.

## கண்டெய்னர் எழவே இல்லை: போர்ட் 53 பயன்பாட்டில் இருக்கிறது என்கிறது

உபுண்டுவில் புதிதாகப் போடும் எல்லாருக்கும் வருவது இது. அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ் என்று பிழை காட்டும். உபுண்டுவின் சொந்த டிஎன்எஸ் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்டு, 127.0.0.53 முகவரியில் டிஎன்எஸ்ஸுக்கான போர்ட் 53-ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் கண்டெய்னருக்கு எல்லா முகவரியிலும் 53 வேண்டும் என்று கேட்கிறீர்கள், அதனால் மோதல். எஸ்எஸ் கட்டளையை -lntup விருப்பத்தோடு, முன்னால் சுடோ சேர்த்துத் தட்டினால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பெயரோடு தெரியும். விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் ஹோஸ்டாக இருந்தால் 192.168.122.1-இல் லிப்விர்ட்டின் டிஎன்எஸ்மாஸ்க் உட்கார்ந்திருப்பதையும் காணலாம்.

இணையத்தில் தேடினால் ரிசால்வ்டையே நிறுத்தச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கண்டெய்னரின் அமைப்பை எழுதும் கம்போஸ் கோப்பில் போர்ட் வரிக்கு முன்னால் ஹோஸ்டின் முகவரியைச் சேர்த்துவிடுங்கள்: 192.168.1.10:53:53. ரிசால்வ்டு தன் 127.0.0.53-இல் இருந்துகொள்ளும், கண்டெய்னர் 192.168.1.10-இல் இருந்துகொள்ளும். கூடுதல் நன்மையாக, வேண்டாத இடைமுகம் வழியே யாரும் உள்ளே கேள்வி கேட்க முடியாது. இதற்கு ஹோஸ்டின் முகவரி மாறாமல் இருக்க வேண்டும். ரூட்டர் கொடுப்பதை நம்பாமல் ஹோஸ்டிலேயே நிலையான முகவரியாக எழுதிவிடுங்கள். அந்த முகவரி இன்னும் வந்து சேராத நேரத்தில் டாக்கர் எழுந்தால் கெனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ் என்று சொல்லிக் கண்டெய்னர் நின்றுவிடும்.

ரிசால்வ்டின் கேட்பானை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் அதன் கோப்பில் டிஎன்எஸ்ஸ்டப்லிஸனர் என்பதை நோ ஆக்குங்கள். அதோடு விட்டால் ஹோஸ்டே இணையத்தை இழக்கும். ஏனென்றால் எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்பது என்று ஹோஸ்டுக்குச் சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் என்பது 127.0.0.53-ஐக் காட்டும் ஸ்டப்-ரிசால்வ்.கான்ஃபுக்கான இணைப்பாகவே இன்னும் இருக்கும். அந்த இணைப்பை ரன் அடைவில் சிஸ்டம்டி, ரிசால்வ் என்ற உள்ளடைவுகளில் இருக்கும் மற்றொரு ரிசால்வ்.கான்ஃபுக்கு மாற்ற வேண்டும்.

## டிசிபியில் கேட்டால் பதில் வருகிறது, சாதாரணமாகக் கேட்டால் இல்லை

டிஎன்எஸ் கேள்வி போக இரண்டு வழி உண்டு: போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்யும் டிசிபி, உறுதிசெய்யாமல் அனுப்பும் யூடிபி. டிக் கட்டளையின் கடைசியில் +டிசிபி சேர்த்துப் பாருங்கள். அப்போது மட்டும் பதில் வந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: டாக்கரில் 53:53 என்று எழுதினால் அது டிசிபி போர்ட்டை மட்டுமே திறக்கும். டிஎன்எஸ் கேள்விகளில் பெரும்பாலானவை யூடிபியில் வருபவை. எனவே இரண்டு வரி தேவை. ஒன்றின் முடிவில் சாய்கோடிட்டு டிசிபி, மற்றதன் முடிவில் சாய்கோடிட்டு யூடிபி.

இதன் தலைகீழும் உண்டு, அதைக் கண்டுபிடிப்பது கடினம். யூடிபி மட்டும் திறந்திருந்தால் எல்லாம் ஓடுவது போலவே தெரியும். பதில் பெரிதாக இருக்கும் ஒரு சில பெயர்கள் மட்டும் தொங்கும். 1987-இல் வந்த ஆர்எஃப்சி 1035 என்ற இணைய விதி ஆவணத்தின்படி யூடிபி பதிலுக்கு 512 பைட்தான் இடம். பின்னால் வந்த இடிஎன்எஸ் நீட்டிப்பு அதைப் பெரிதாக்கியது. 2020-இல் டிஎன்எஸ் மென்பொருள் செய்பவர்கள் சேர்ந்து 1232 பைட் என்ற அளவைப் பரிந்துரைத்தார்கள். அதைத் தாண்டும் பதில் "வெட்டப்பட்டது" என்ற குறியோடு வரும், கேட்பவர் டிசிபியில் மறுபடி கேட்பார். அந்தக் கதவு மூடியிருந்தால் அங்கேயே நின்றுவிடும். மின்னஞ்சலுக்கான நீண்ட டெக்ஸ்ட் பதிவுகள், கையொப்பமிட்ட பதில்கள் எல்லாம் இதில்தான் மாட்டும்.

போர்ட் வரிகளை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். கம்போஸ் கோப்பின் எழுத்து வடிவமான யாமலின் பழைய விதியில், முக்காற்புள்ளி பிரிக்கும் 60-க்குக் குறைந்த எண்களை அறுபதடிமான எண்ணாக வாசிக்கும் வழக்கம் இருந்தது. 53:53 என்பது 53 பெருக்கல் 60 கூட்டல் 53, அதாவது 3233 என்ற ஒற்றை எண்ணாகிவிடும். பழைய கம்போஸ் பதிப்பு இன்னும் ஓடும் கணினிகளில் இது உண்மையாகவே நடக்கும். டிஎன்எஸ் போர்ட் 53 என்பதால் நமக்குத்தான் இந்த வம்பு.

## ஹோஸ்டில் பதில் வருகிறது, மற்றவர்களுக்கு ரெஃப்யூஸ்டு

பைண்ட் போட்டவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. மற்றவருக்காகத் தேடித் தரும் வேலையை யாருக்குச் செய்வது என்பதற்கு அதன் இயல்பான விடை: லோக்கல்ஹோஸ்ட், லோக்கல்நெட்ஸ். சாதாரணக் கணினியில் லோக்கல்நெட்ஸ் என்றால் உங்கள் வீட்டு நெட்வொர்க், அதாவது 192.168.1.0/24. கண்டெய்னருக்குள் ஓடும் பைண்டுக்கு அப்படியில்லை. அதன் கண்ணுக்குத் தெரியும் ஒரே நெட்வொர்க் டாக்கர் கொடுத்த 172.17.0.0/16 போன்ற ஒன்று. உங்கள் போன் 192.168.1.25-இலிருந்து கேட்டால் அது வெளியூர் ஆள். கண்டெய்னர் இல்லாமல் நேராகப் போட்டபோது ஓடிய அதே கோப்பு, கண்டெய்னரில் மறுப்பது இதனால்தான். அலவ்-ரிகர்ஷன் வரியில் 192.168.1.0/24-ஐ வெளிப்படையாகச் சேர்த்தால் தீர்ந்தது.

அன்பவுண்ட் இன்னும் கறார்: யாரையும் சேர்க்காவிட்டால் லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டுமே பதில். ஆக்ஸஸ்-கன்ட்ரோல் வரி எழுதித்தான் ஆக வேண்டும். பை-ஹோலில் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். உள்ளூர் அல்லாத நெட்வொர்க்கின் கேள்வியை அது மறுப்பதில்லை, பேசாமல் விட்டுவிடும். டிக்கில் டைம்டு அவுட் என்று தெரியும், லாக்கில் மட்டும் இக்னோரிங் குவெரி ஃப்ரம் நான்-லோக்கல் நெட்வொர்க் என்று ஒரு வரி இருக்கும். லிஸனிங் மோடை ஆல் ஆக்க வேண்டும்.

அவசரத்தில் எல்லா இடத்திலும், யாருக்கும் பதில் சொல்லச் சொல்லும் எனி என்று போட்டுவிடாதீர்கள், குறிப்பாக விபிஎஸ் என்ற வாடகை இணையச் சர்வரில் ஓட்டுபவர்கள். டாக்கர் திறக்கும் போர்ட், உபுண்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவின் விதிகளைத் தாண்டிப் போகும். யுஎஃப்டபிள்யூவில் 53 மூடியிருக்கிறது என்று திரை காட்டும், வெளியிலிருந்து கேட்டால் பதில் போகும். யாருக்கும் பதில் சொல்லும் சர்வரைத் தாக்குதல்காரர்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்: பொய்யான திரும்பு முகவரியோடு சின்னக் கேள்வி அனுப்பி, பெரிய பதிலை மூன்றாம் ஆள் மேல் கொட்ட வைப்பார்கள். 2013 மார்ச்சில், குப்பை மின்னஞ்சலைத் தடுக்க உதவும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் மேல் நடந்த பெரிய தாக்குதல் இப்படித் திறந்து கிடந்த சர்வர்களை வைத்துத்தான். முகவரியோடு போர்ட்டைக் கட்டுவது, அல்லது டாக்கர்-யூசர் என்ற ஐபிடேபிள்ஸ் சங்கிலியில் விதி எழுதுவது, இரண்டில் ஒன்று கட்டாயம்.

## சர்வ்ஃபெயில்: அதுவும் கரண்ட் போய் வந்த பிறகு

நம் கரையில் இது பருவகால நோய். 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரை கடந்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் கடந்தபோதும் மின்தடை நீண்டது. இன்வெர்ட்டர் சில மணி நேரம் தாங்கும், பிறகு எல்லாம் அணையும். கரண்ட் வந்ததும் ரூட்டர் எழும், ராஸ்பெர்ரி பை எழும், கண்டெய்னர் பச்சையாக ஓடுகிறது என்று காட்டும், ஆனால் எந்த சைட்டும் திறக்காது.

இப்படி ஒரு மழைக்குப் பின் அச்சகக்காரர் போன் செய்தார். "தம்பி, போன்ல டேட்டா போட்டா வருது, கடை வைஃபைல ஒண்ணுமே திறக்கல." நான் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, அந்தக் கருப்புத் திரையில டேட்னு அடிச்சு என்ன வருதுன்னு படிங்க." அவர் வாசித்த தேதி முந்தைய வாரத்தது.

காரணம் இதுதான். ராஸ்பெர்ரி பை 4 வரையான பலகைகளில் கரண்ட் இல்லாதபோது ஓடும் கடிகாரம் கிடையாது. பை 5-இல் உண்டு, ஆனால் அதற்கான பேட்டரியைத் தனியே வாங்கி மாட்ட வேண்டும். கடிகாரம் இல்லாத பலகை, கடைசியாக எழுதி வைத்த நேரத்திலிருந்து மறுபடி ஓடத் தொடங்கும். உங்கள் டிஎன்எஸ் சர்வர், பதிலை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பங்களைச் சரிபார்க்கிறது என்றால், ஒவ்வொரு கையொப்பத்திலும் தொடக்க நேரமும் முடிவு நேரமும் உண்டு. பல நாள் பின்தங்கிய கடிகாரத்துக்கு இன்று போட்ட கையொப்பம் எதிர்காலத்தில் போட்டதாகத் தெரியும். செல்லாது என்று தள்ளி சர்வ்ஃபெயில் சொல்லும். நேரத்தைச் சரிசெய்ய, சரியான நேரம் சொல்லும் என்டிபி சர்வரைக் கேட்க வேண்டும். என்டிபி சர்வரின் பெயருக்கு முகவரி வேண்டும். அந்த முகவரியைத் தர வேண்டியது இதே டிஎன்எஸ் சர்வர். இரண்டும் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு எத்தனை மணி நேரமானாலும் அப்படியே நிற்கும்.

உறுதிசெய்ய, டிக் கட்டளையில் +சிடி சேர்த்துக் கேளுங்கள். சரிபார்க்காமல் பதில் கொடு என்று அதற்குப் பொருள். +சிடியோடு பதில் வந்து, இல்லாமல் சர்வ்ஃபெயில் வந்தால் சிக்கல் சரிபார்ப்பில்தான். உடனே தேதியைப் பாருங்கள். கையால் தேதியைச் சரிசெய்து கண்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தால் அந்த நேரத்துக்கு ஓடிவிடும். கண்டெய்னருக்குத் தனிக் கடிகாரம் கிடையாது, ஹோஸ்டின் நேரமே அதன் நேரம்; எனவே ஹோஸ்டில்தான் திருத்த வேண்டும். நிரந்தரத் தீர்வு இரண்டு. டிஎஸ்3231 சிப் உள்ள சின்ன கடிகாரப் பலகை ஒன்றைப் பையின் பின்களில் மாட்டுவது நல்லது. விலை குறைவு, ஒரு காசு பேட்டரி போதும். அது முடியாவிட்டால் ஹோஸ்டின் நேரச் சேவையான டைம்சிங்க்டின் கோப்பில் என்டிபி சர்வரைப் பெயராக எழுதாமல் எண் முகவரியாக எழுதுங்கள். ரூட்டரே என்டிபி தருமானால் 192.168.1.1 போதும். இரண்டையும் செய்தால் இன்னும் நல்லது. கடலோரத்தில் வைக்கும் எந்தப் பைக்கும் நான் இரண்டையும் செய்துவிடுகிறேன்.

தேதி சரியாக இருந்தும் +சிடியில் மட்டும் பதில் வந்தால், கையொப்பங்களைச் சரிபார்க்க உதவும் நம்பிக்கைச் சாவியைப் பாருங்கள். டிஎன்எஸ் பெயர்களின் உச்சியான ரூட் மண்டலத்தின் முதன்மைச் சாவி 2018 அக்டோபர் 11-இல் முதன்முறையாக மாறியது. இப்போதுள்ளதன் அடையாள எண் 20326. அடுத்த சாவி, எண் 38696, 2025 ஜனவரியில் ரூட் மண்டலத்தில் சேர்க்கப்பட்டது. 2026 அக்டோபர் 11 முதல் அது கையொப்பமிடத் தொடங்கும் என்பது திட்டம். சர்வர் புதிய சாவியைத் தானாகவே கற்றுக்கொள்ளும், ஆனால் ஆர்எஃப்சி 5011-இன்படி 30 நாள் தொடர்ந்து பார்த்த பிறகே நம்பும். அந்த நினைவைச் சாவிக் கோப்பில் எழுதி வைக்கிறது. அந்தக் கோப்பு, கண்டெய்னர் அழிந்தாலும் நிலைக்கும் சேமிப்பிடமான வால்யூமில் இல்லாமல் கண்டெய்னருக்குள்ளேயே இருந்தால், கண்டெய்னரை அழித்து உருவாக்கும் ஒவ்வொரு முறையும் 30 நாள் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். பழைய இமேஜை மாற்றாமல் வைத்திருப்பவர்கள் இந்தக் கோப்பை இன்றே வால்யூமுக்கு மாற்றுங்கள், இமேஜையும் புதுப்பியுங்கள்.

+சிடி போட்டும் சர்வ்ஃபெயில் என்றால் மேலே உள்ள சர்வர்களைத் தொட முடியவில்லை. கண்டெய்னருக்குள்ளிருந்து 9.9.9.9 என்ற வெளி டிஎன்எஸ் சர்வரை நேராகக் கேட்டுப் பாருங்கள். அன்பவுண்டை ரூட்டிலிருந்தே தேடும்படி அமைத்திருந்தால், வழியில் யாராவது போர்ட் 53-ஐ மறித்துத் தாங்களே பதில் சொல்கிறார்களா என்றும் பாருங்கள். அதற்கு எளிய சோதனை உண்டு. 192.0.2.1 என்பது ஆவணங்களில் எடுத்துக்காட்டாக எழுத மட்டுமே ஒதுக்கிய முகவரி. அங்கே எந்த சர்வரும் இருக்க முடியாது. டிக்கில் @192.0.2.1 போட்டுக் கேளுங்கள். காத்திருந்து தோற்றால் நல்லது. பதில் வந்தால் நடுவில் ஒருவர் உங்கள் கேள்வியைப் பிடிக்கிறார் என்பது உறுதி. அந்த இணைப்பில் ரூட்டிலிருந்து தேடுவதை விட்டுவிட்டு, போர்ட் 853-இல் டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கிய வழியே வெளிச் சர்வர் ஒன்றுக்குக் கேள்விகளை அனுப்பும்படி மாற்றுங்கள்.

## சில நேரம் வருகிறது, சில நேரம் இல்லை

கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் ரூட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில், இரண்டாவது டிஎன்எஸ் என்ற கட்டத்தில் கூகுளின் 8.8.8.8 இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது விழுந்தால் இரண்டாவது கைகொடுக்கும் என்று நினைத்துப் போடுகிறார்கள். கருவிகள் அப்படி நடப்பதில்லை. எதை வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் கேட்கும். 8.8.8.8-க்கு உங்கள் ஹோம்.ஆர்பா பெயர்கள் தெரியாது, என்எக்ஸ்டொமைன் என்று சொல்லும், கருவி அதை நம்பிவிடும். இரண்டாவது வேண்டும் என்றால் இன்னொரு பையில் இதே அமைப்பை ஓட்டுங்கள். இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

அது சரியாக இருந்தும் சில போன்கள் மட்டும் நழுவினால் புதிய முகவரி முறையான ஐபிவி6-ஐப் பாருங்கள். ஃபைபர் பெட்டி ஐபிவி6 அறிவிப்பிலேயே தன்னுடைய டிஎன்எஸ் முகவரியைச் சேர்த்து அனுப்பிக்கொண்டிருக்கும். ஐபிவி4-இல் நீங்கள் என்ன எழுதினாலும் போன் அதை எடுத்துக்கொள்ளும். பெட்டியின் அமைப்பில் அதை மாற்ற இடமிருந்தால் மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள பிரைவேட் டிஎன்எஸ் அமைப்பையும் பாருங்கள். யாராவது அதில் ஒரு பெயரை எழுதியிருந்தால் அந்தப் போன் உங்கள் சர்வரை எட்டிக்கூடப் பார்க்காது.

தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் கேபிள் முனையையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் ஆர்ஜே45 தொடுமுனைகள் பச்சை பிடித்திருந்தால் பாக்கெட் தொலையும். யூடிபிக்குத் தொலைந்ததைத் தானே திருப்பி அனுப்பும் வழக்கம் இல்லை, அதனால் டிஎன்எஸ்தான் முதலில் தடுமாறும்.

## வெளிப் பெயர் எல்லாம் வருகிறது, சொந்தப் பெயர் மட்டும் வரவில்லை

உள்பெயர்களை .லோக்கல் என்று முடித்திருந்தால் அதை மாற்றுங்கள். 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6762 அதை மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கிவிட்டது. பல கருவிகள் அந்தப் பெயரை உங்கள் சர்வரிடம் கேட்காமல் நெட்வொர்க் முழுக்கக் கூவிப் பார்க்கும். வீட்டு நெட்வொர்க்குக்கென்று ஒதுக்கியது ஹோம்.ஆர்பா. 2024-இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு .இன்டர்னல் என்பதையும் தனிப்பயனுக்கு ஒதுக்கியிருக்கிறது.

பெயர்களையும் முகவரிகளையும் எழுதி வைக்கும் பைண்டின் மண்டலக் கோப்பில், முழுப் பெயருக்குப் பின் புள்ளி வைத்தீர்களா? பிரின்டர்.ஹோம்.ஆர்பா என்று புள்ளியில்லாமல் எழுதினால் பைண்ட் மண்டலப் பெயரை மறுபடி ஒட்டி, பிரின்டர்.ஹோம்.ஆர்பா.ஹோம்.ஆர்பா என்று வைத்துக்கொள்ளும். நேம்டு-செக்ஸோன் கட்டளை கோப்பை ஏற்றும் முன் பல பிழைகளைச் சொல்லிவிடும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் ஓட்டுங்கள்.

உங்களுக்கு .இந்தியா என்று முடியும் தமிழ் டொமைன் இருந்தால் மண்டலக் கோப்பில் தமிழ் எழுத்தையே எழுதக் கூடாது. எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கும் பியூனிகோட் வடிவத்தில்தான் எழுத வேண்டும். பிரவுசர் தமிழை வாங்கி அந்த வடிவத்துக்கு மாற்றியே கேட்கிறது. சர்வர் பார்ப்பது அந்த வடிவத்தை மட்டும்தான்.

பெயரைச் சேர்ப்பதற்கு முன்பே ஒருமுறை கேட்டுவிட்டீர்கள் என்றால், இல்லை என்ற பதிலும் கேஷ் என்ற தற்காலிக நினைவில் உட்காரும். எவ்வளவு நேரம் என்பதை, மண்டலக் கோப்பின் தலைப்பில் உள்ள எஸ்ஓஏ பதிவின் கடைசி எண் முடிவுசெய்கிறது. பல எடுத்துக்காட்டுக் கோப்புகளில் அங்கே 86400 விநாடி இருக்கும், அதாவது ஒரு நாள் முழுக்க. அமைக்கும் காலத்தில் 300 போதும்.

## கோப்பை மாற்றியாகிவிட்டது, சர்வர் பழையதையே சொல்கிறது

மண்டலக் கோப்பை மட்டும் தனியாகக் கண்டெய்னருக்குள் மவுன்ட் செய்திருப்பீர்கள், அதாவது ஹோஸ்டின் கோப்பையே உள்ளே தெரிய வைத்திருப்பீர்கள். விம் உட்படப் பல எடிட்டர்கள் சேமிக்கும்போது பழைய கோப்பின் மேல் எழுதாமல், புதிய கோப்பை உருவாக்கி அதற்குப் பழைய பெயரை வைக்கும். கண்டெய்னர் பிடித்திருப்பது பழைய கோப்பை. கோப்பைத் திரையில் காட்டும் கேட் கட்டளையை ஹோஸ்டில் ஓட்டினால் புதியது, கண்டெய்னருக்குள் ஓட்டினால் பழையது. இரண்டையும் ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும். கண்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும். ஒற்றைக் கோப்புக்குப் பதில் அடைவையே மவுன்ட் செய்தால் இனி வராது. மவுன்ட் செய்யும் கோப்பின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால், வால்யூம் விருப்பத்தில் டாக்கர் அந்தப் பெயரில் ஒரு காலி அடைவை உருவாக்கிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். பிறகு சர்வர் "இது கோப்பு இல்லை, அடைவு" என்று புலம்பும்.

முதல் சர்வரிடமிருந்து பிரதி எடுக்கும் இரண்டாம் நிலைச் சர்வர் மட்டும் பழையதைச் சொன்னால், எஸ்ஓஏவில் சீரியல் எண்ணை நீங்கள் கூட்டவில்லை என்று பொருள்.

## லாக்கில் எல்லாருமே 172.17.0.1

யார் கேட்டாலும் டாக்கரின் வாயில் முகவரியே தெரிகிறது என்றால், இடையில் டாக்கரின் ப்ராக்ஸி கேள்வியை வாங்கித் தன் பெயரில் அனுப்புகிறது. நிர்வாகி உரிமை இல்லாமல் ஓடும் ரூட்லெஸ் டாக்கர், டாக்கர் டெஸ்க்டாப் இரண்டிலும் இது வழக்கம். சாதாரண லினக்ஸ் டாக்கரிலும், கண்டெய்னருக்கு ஐபிவி6 இல்லாதபோது ஐபிவி6-இல் வரும் கேள்விகள் இப்படித்தான் தெரியும். முகவரி வாரியாகத் தடை போடும் டியூஷன் சென்டர் மாதிரி இடங்களில் இது வேலைக்கு ஆகாது. ஹோஸ்ட் நெட்வொர்க்கில் ஓட்டுவது எளிய வழி. மேக்விலான் போட்டுக் கண்டெய்னருக்கே தனி முகவரி கொடுக்கலாம், ஆனால் ஹோஸ்டும் அந்தக் கண்டெய்னரும் நேராகப் பேசிக்கொள்ள முடியாது. ஹோஸ்டிலிருந்து டிக் தோற்பதைப் பார்த்து சர்வர் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம், பக்கத்துக் கணினியிலிருந்து கேளுங்கள்.

## திடீரென்று மந்தம், மேக்ஸிமம் நம்பர் ஆஃப் கன்கரன்ட் குவெரீஸ் என்று லாக்

பை-ஹோல் தனக்குத் தெரியாததை ரூட்டரிடம் கேட்கிறது, ரூட்டர் தனக்குத் தெரியாததைப் பை-ஹோலிடம் கேட்கிறது. ஒரே கேள்வி இருவருக்கும் நடுவே சுற்றிச்சுற்றி 150 என்ற வரம்பைத் தொட்டுவிடுகிறது. பை-ஹோலின் மேல்சர்வராக ரூட்டர் இருந்தால், ரூட்டரின் வெளி இணைப்புக்கான வான் அமைப்புப் பக்கத்தில் பை-ஹோல் இருக்கக் கூடாது. டிஹெச்சிபி பக்கத்தில் மட்டும் இருக்கட்டும்.

## இமேஜைப் புதுப்பிக்கப் போனால் இறங்கவே மாட்டேன் என்கிறது

ஹோஸ்ட் தன் முகவரித் தேவைக்குத் தன் மேலேயே ஓடும் கண்டெய்னரை நம்பியிருக்கிறது. கண்டெய்னரை நிறுத்தியதும் ஹோஸ்டுக்கு இமேஜ் இருக்கும் இடத்தின் முகவரி தெரியாமல் போகிறது. புதியதை முதலில் டாக்கரின் புல் கட்டளையால் இறக்கி, அது முழுதாக இறங்கிய பிறகு பழையதை நிறுத்துங்கள். ஹோஸ்டின் சொந்த டிஎன்எஸ்ஸாக 9.9.9.9 அல்லது 1.1.1.1 போன்ற வெளி முகவரியை எழுதி வையுங்கள். உள்பெயர்கள் ஹோஸ்டுக்குத் தெரியாமல் போகும், பெரும்பாலான இடங்களில் அதனால் நஷ்டம் இல்லை. ரீஸ்டார்ட் விதியை அன்லெஸ்-ஸ்டாப்டு என்று, அதாவது நாமே நிறுத்தாதவரை தானே எழும்படி, வைத்திருப்பவர்கள், புதுப்பித்த பின் ஹோஸ்டையே ஒருமுறை ரீபூட் செய்து, பக்கத்துக் கணினியிலிருந்து ஒரு உள்பெயரும் ஒரு வெளிப்பெயரும் கேட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.